இழைப்பு மிஷினுக்குக் கையுறை ஆகாது

அம்பத்தூர் மேனாம்பேட்டில் கதவு, நிலை, ஜன்னல் செய்யும் ஒரு பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் கையில் கொடுத்தது ஒரு கட்டு உப்புத்தாள். இழைத்து வரும் கட்டைகளைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இரண்டு வருடம் தேய்த்தேன். பிறகு இழைப்பு மிஷினுக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லை என்று என்னை அங்கே நிறுத்தினார்கள். முன்னால் நிற்பவர் கட்டையைத் தள்ளுவார். மறுபக்கம் வருவதை நான் வாங்கி அடுக்க வேண்டும். வாயைத் திறப்பது அந்த வேலையில் சேர்த்தி இல்லை.

முன்னால் நின்றவரை எல்லோரும் மிஷின்காரர் என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். வலது கையில் செப்புக் காப்பு, இடது கையில் இரண்டு ராசிக்கல் மோதிரம், மணிக்கட்டில் அழுக்கேறிய மூன்று கயிறு. இவ்வளவையும் மாட்டிக்கொண்டுதான் சுற்றுகிற கத்தியின் பக்கத்தில் நிற்பார். கதவு பார்க்க வருகிறவர்கள் யாராவது மிஷின் அருகே வந்தால் போதும், அவருக்கு உற்சாகம் வந்துவிடும். கட்டையைத் தள்ளும்போது கத்திக்கு நேர் மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தி, முகத்தை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவார்.

"இருவது வருசமா ஓட்டிக்கினு கீறேன் சார். இந்தக் கத்திக்கு என்னைத் தெரியும்."

கத்திக்கு யாரையும் தெரியாது. பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கே அது தெரியும். ஆனால் வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அவர்களிலும் ஒருவர்கூட, கையை எடுங்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த மிஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு இரும்பு மேசைகளை நீளவாக்கில் ஒட்டிவைத்ததுபோல இருக்கும். நடுவில் நாலு விரல் அகலத்தில் ஒரு இடைவெளி. அதற்குள் ஒரு உருளை, உருளையில் மூன்று கத்திகள். சுற்ற ஆரம்பித்துவிட்டால் கத்திகள் கண்ணுக்குத் தெரியாது. மங்கலாக ஒரு பளபளப்பு மட்டும் தெரியும். கட்டை அதன்மேல் போகும்போது அடிப்பக்கம் சீவிக்கொண்டு போகும். மரம் என்றும் விரல் என்றும் அது பேதம் பார்ப்பதில்லை.

நாலைந்து வருடத்துக்கு முன்னால் முதலாளி பழைய மிஷினைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினார். முதலாளி பூர்வீகமாக அந்த ஊர்க்காரர். அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில் என் அப்பா நாற்று நட்டிருக்கிறார். நிலமெல்லாம் மனையாகி, மிச்சமிருந்த ஒரு துண்டில்தான் பட்டறை. கெட்ட மனிதர் இல்லை. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொல்வதை நம்புகிறவர், அவ்வளவுதான். பல சமயங்களில் கெட்ட மனிதரே தேவலாம் என்று தோன்றும்.

புது மிஷினோடு இரண்டு பொருள் வந்தன. ஒன்று கத்தியை மூடுகிற இரும்பு மூடி. கட்டை போகும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, மீதிக் கத்தியை மறைத்துக்கொண்டு நிற்கும். வந்த அன்றே மிஷின்காரர் திருகைக் கழற்றி அதை மரக்குவியலுக்குப் பின்னால் வீசினார். "இது புச்சா கத்துக்கறவனுக்கு" என்றார். இன்னொன்று ஒரு புத்தகம். அதில் வடை வைத்துச் சாப்பிடலாம் என்று அவர் நினைத்த நேரத்தில் நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். புத்தகம் முழுக்க இங்கிலீஷ். வீட்டில் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்து, போன் கேமராவைப் பக்கத்தின் மேல் காட்டினேன். தமிழில் மாற்றித் தந்தது. இழைப்பு மிஷினுக்கு இங்கிலீஷில் 'பிளேனர்' என்று பெயர்; போன் அதைப் 'பிளானர்' என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலெல்லாம் 'திட்டமிடுபவர்' என்று மாற்றியது. 'திட்டமிடுபவர் முழுவதுமாக நிற்கும் வரை அவர் மேல் கை வைக்காதீர்கள்.' 'திட்டமிடுபவரின் கத்திகளை மாற்றும் முன் அவரை மின்சாரத்திலிருந்து பிரித்துவிடுங்கள்.' வீட்டுக்காரர் ஆவடியில் ஷிஃப்டு முடித்து வந்து, நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, "இன்னாமே ஆச்சு உனக்கு?" என்றார். சிரிப்பு வந்தாலும் விஷயம் புரிந்தது. படங்களும் இருந்தன. மோதிரம் போட்ட கை, அதன் மேல் பெருக்கல் குறி. அவிழ்த்துவிட்ட கூந்தல், பெருக்கல் குறி. ஒரு முழத்துக்கும் குறைவான கட்டை, பெருக்கல் குறி. கையுறை மாட்டிய கை. அதற்கு மட்டும் பெருக்கல் குறி மற்றதைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

கையுறைக்கு ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கைக்குப் பாதுகாப்புதானே? இரண்டாம் முறை படித்தபோது புரிந்தது. வெறும் விரல் பட்டால் பட்ட இடம் சீவிக்கொண்டு போகும், அதோடு விட்டுவிடும். துணி பட்டால் கத்தி அதைப் பிடித்து இழுக்கும். துணி போகும்போது உள்ளே இருக்கிற கையும் கூடவே போகும்.

அந்த வருடம் கார்த்திகை முடிந்து மிஷின்காரர் சபரிமலைக்குப் போனார். ஆறு நாள். அந்த ஆறு நாளுக்குள் பூந்தமல்லிப் பக்கம் ஒரு வீட்டுக்கு நிலைக்கட்டைகள் போக வேண்டும். முதலாளி இரண்டு பேருக்குப் போன் செய்து பார்த்தார், கிடைக்கவில்லை.

"நான் ஓட்டறேன் மொதலாளி" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு வேறு வழியில்லாமல், "பாத்து ஓட்டும்மா" என்றார்.

வளையலைக் கழற்றி டிபன் டப்பாவுக்குள் போட்டேன். தலையை இறுக்கிக் கட்டி, புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டு, பட்டனெல்லாம் பூட்டிக்கொண்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "வளையல கயட்டிட்டு நிக்கிறியேம்மா, நல்லாவா கீது?" என்றார். சுற்றுகிற கத்தி அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. என் மொட்டைக் கைதான் உறுத்தியது.

மரக்குவியலுக்குப் பின்னாலிருந்து மூடியைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டினேன். கழிவுத் தேக்கில் ஒரு தள்ளுக்கட்டை செய்துகொண்டேன். மேலே இஸ்திரிப் பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு பிடி, அடியில் பின்னோரம் சின்ன உதடு. அந்த உதடு கட்டையின் வாலைப் பிடித்துத் தள்ளும். என் விரல் கத்தியைத் தாண்டி எங்கேயோ உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு கட்டையையும் தள்ளுமுன் புரட்டிப் பார்த்தேன். ஆணி இருக்கிறதா, முடிச்சு இருக்கிறதா, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது. ரேகைக்கு எதிராகத் தள்ளினால் மரம் எகிறும். ஒரேயடியாக ஆழமாகச் சீவாமல், ஒரு சீவலை இரண்டாக்கினேன். கட்டைக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு ஓரமாக நின்றேன். நிறுத்தினால், உருளை ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் நாள் மெதுவாகத்தான் போனது. மூன்றாம் நாள் மிஷின்காரர் ஓட்டும் வேகம் வந்துவிட்டது. ஐந்தாம் நாளே வேலை முடிந்தது. கட்டைகளில் பிசிறு இல்லை. உப்புத்தாள் தேய்க்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மிஷின்காரர் மலையிலிருந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து, நாலாக வெட்டிக் குங்குமம் தடவி, மிஷினின் நாலு காலடியிலும் வைத்தார். பிறகு மூடியின் திருகைக் கழற்றினார். என் தள்ளுக்கட்டையைக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்கடா, இஸ்திரி போடறதுக்கு வச்சிருக்குது!"

பட்டறையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். ஐந்து நாள் வேலையைப் பார்த்தவர் அவர். அந்தத் தள்ளுக்கட்டை அன்றைக்கு டீ அடுப்புக்குப் போனது. நான் பழையபடி பின்னால் போய் நின்றேன். கோபம் வரவில்லை. அந்த மனிதரின் மேல் இருந்த கடைசித் துளி மரியாதையும் போய்விட்டது. போனபிறகு மனசுக்கு லேசாக இருந்தது. அதன்பின் இரண்டு வருடம் அவருக்கு மறுபக்கம் நின்று, அவர் மோதிரங்களைப் பார்த்துக்கொண்டே கட்டை அடுக்கினேன்.

பிறகு ஒரு ஆலோசகர் வந்தார்.

பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வருகிறது என்று அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அப்படிக் கட்டுகிற ஒரு கம்பெனி எங்களிடம் கதவு வாங்க முன்வந்தது. ஆனால் பட்டறையில் பாதுகாப்பு முறைகள் இருக்கின்றன என்று சான்றிதழ் வேண்டும் என்றார்கள். முதலாளிக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாக ஒரு பாதுகாப்பு ஆலோசகர் கிடைத்தார். காரில் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஷூவில் மரத்தூள் ஒட்டிவிடும் என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் தயங்கினார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

ஒரு பிளைவுட் பலகையில் படம் காட்டி முக்கால் மணி நேரம் பேசினார். எல்லாம் கட்டட வேலை செய்கிற இடங்களின் படங்கள். உயரத்தில் ஏறும்போது பெல்ட் போட வேண்டும், கிரேனுக்கு அடியில் நிற்கக் கூடாது. எங்கள் பட்டறையில் உயரமான பொருள் தகரக் கூரைதான். கடைசியில் எல்லோரையும் எழுப்பி, வலது கையை நீட்டச் சொல்லி, உறுதிமொழி எடுக்கவைத்தார். மிஷின்காரர் காப்புப் போட்ட கையை நீட்டி எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். இழைப்பு மிஷினைப் பற்றி ஆலோசகர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்.

பேசி முடித்ததும் ஒரு பெட்டியைத் திறந்தார். ஹெல்மெட், பச்சைச் சட்டை, கையுறை. கையுறை என்றால் நூலில் பின்னியது, உள்ளங்கையில் நீலப் புள்ளி புள்ளியாக ரப்பர் வைத்தது. எல்லோருக்கும் ஒரே அளவு. மிஷின்காரரின் விரல் நுனிக்கு மேல் அரை அங்குலம் துணி காலியாகத் தொங்கியது.

"ஃபைலுக்கு ஃபோட்டோ வேணும் சார். முக்கியமான மெஷின்ல ஆப்பரேட்டர் ஃபுல் சேஃப்டியோட வேலை செய்யற மாதிரி ரெண்டு எடுத்துட்டா போதும்" என்றார் முதலாளியிடம்.

நான் ஹெல்மெட் மாட்டி, வழக்கம்போல மிஷினுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மிஷின்காரர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, இதுக்குக் கையுறை போடக் கூடாதுண்ணே. புத்தகத்துல போட்டுக்கீது. துணியப் புடிச்சி இழுத்துரும்" என்றேன்.

மிஷின்காரர் என்னைப் பார்க்கவேயில்லை. ஆலோசகர்தான் திரும்பினார். பேசுகிற மேசையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"கையுறை இல்லாம ஃபோட்டோ வெச்சா எவன்மா ஒத்துக்குவான்? கைக்குத்தானே பாதுகாப்பு? நீங்க உங்க வேலையப் பாருங்க."

"அது சொல்லும் சார். அஞ்சு நாளு மிஷின் ஓட்டிட்டு அதுவே மேஸ்திரின்னு நெனச்சிக்கினு கீது" என்றார் மிஷின்காரர். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்.

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். முதலாளியின் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லியிருக்கலாம். வீட்டிலிருக்கும் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன், பத்து நிமிடம் பொறுங்கள் என்று கத்தியிருக்கலாம். செய்யவில்லை. சொன்னேன், கேட்கவில்லை, படட்டும் என்று என் மனசின் ஒரு மூலை நினைத்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த மூலையை இப்போது நினைத்தால் மற்ற இரண்டு பேரையும்விட என்மேல்தான் எனக்கு அருவருப்பு வருகிறது.

சுற்றுகிற மிஷினுக்கு மூடி வேண்டும் என்று ஆலோசகர் கொண்டுவந்த பட்டியலில் இருந்தது. தேடி எடுத்து மாட்டினார்கள். அவர் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கத்தியே தெரியலையே, என்ன மெஷின்னு எப்படிப் புரியும்?" என்றார். மூடியை உயர்த்தினார்கள். மிஷின்காரர் ஐந்தடிக் கட்டை ஒன்றை எடுத்து வைத்தார். "ரொம்ப நீளம். கட்டையும் கையும் ஒரே ஃபிரேம்ல வரணும். சின்னதா எடுங்க." ஒரு சாண் நீளத்துக்கு ஒரு துண்டு கொண்டுவந்தார்கள். மிஷின் ஓடாமல் எடுத்த முதல் படம் அவருக்குப் பிடிக்கவில்லை. "உயிரே இல்ல சார். ஆன் பண்ணுங்க, சுருள் பறக்கட்டும்."

புத்தகத்தில் பெருக்கல் குறி போட்டிருந்த எல்லாவற்றையும் அந்த மனிதர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி ஒரே இடத்தில் சேர்த்தார். பாதுகாப்பு என்ற பெயரில் சேர்த்தார்.

மிஷின்காரர் பட்டனை அழுத்தினார். கட்டைத் துண்டைக் கத்தியின் பக்கம் தள்ளிக்கொண்டே, முகத்தை போன் பக்கம் திருப்பிச் சிரித்தார். ஒரு படம் எடுத்தார்கள். "அப்படியே இன்னொண்ணு" என்றார் ஆலோசகர்.

அந்தத் துண்டில் ஒரு முடிச்சு இருந்தது. நீளமான கட்டையாக இருந்தால் லேசாக உதறிவிட்டுப் போயிருக்கும். இது சாண் நீளத் துண்டு; பட்டென்று எகிறி அவர் இடுப்புக்குப் பக்கத்தில் பறந்து பின்சுவரில் அடித்தது. கட்டையை அழுத்திக்கொண்டிருந்த இடது கை, கட்டை இல்லாத இடத்தில் இறங்கியது. காலியாகத் தொங்கிக்கொண்டிருந்த கையுறையின் நூல் நுனி கத்தியில் பட்டிருக்க வேண்டும். கை உள்ளே போவதை நான் பார்த்தேன். யாரோ கையைப் பிடித்து இழுப்பதுபோல, தோள் வரைக்கும் ஒரு உலுக்கு உலுக்கி இறங்கியது.

மேசைக்கு மேல் சாய்ந்து, மிஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அடித்தேன். கையுறை கிழிந்து அவர் பின்னால் விழுந்தார். உருளை உடனே நிற்கவில்லை, நீல ரப்பர் புள்ளிகளையும் நூலையும் துப்பிக்கொண்டே சுற்றி மெல்ல ஓய்ந்தது. நடுவிரலில் மேல் இரண்டு கணு இல்லை. மோதிர விரலின் நுனியும் இல்லை. ராசிக்கல் மோதிரம் இரண்டும் பத்திரமாக இருந்தன.

நான் ஹெல்மெட்டை எறிந்துவிட்டு, தூசிக்காகத் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, கையை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். முதலாளி ஐயோ ஐயோ என்று நின்ற இடத்திலேயே நின்றார். அந்த நேரத்தில் ஆலோசகர் என்ன செய்தார் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, போனில் இருந்த கடைசிப் படத்தை அழித்தார். அதற்கு முந்தையதை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி, "ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் எங்க சார் இருக்கு? அதுவும் லிஸ்ட்ல இருக்கு" என்றார்.

ஆட்டோவில் நானும் மிஷின்காரரும் போனோம். முதலாளி பைக்கில் பின்னால் வந்தார். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் மிஷின்காரர் என் தோளில் சாய்ந்தார். முகம் வெளுத்து, சின்னப் பிள்ளை முகம்போல ஆகியிருந்தது.

"ஆஸ்பத்திரில இன்னான்னு சொல்றது?" என்று கேட்டார்.

"நடந்ததச் சொல்லுங்க."

"வாணாம்மே. தேங்கா வெட்டறப்ப பட்டுச்சின்னு சொல்லிக்கலாம். இருவது வருசம்மே. வெளிய தெரிஞ்சா காறித் துப்புவானுங்க."

விரல் போனது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. பெயர் போய்விடுமே என்றுதான் பதறினார். எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வலிக்கிறதே என்று வந்தது. பேச்சைக் கேட்டதும் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் முதலாளியும் அதையே சொன்னார். "தேங்கான்னே சொல்லிரும்மா. ஆர்டர் வர்ற நேரம்."

டாக்டர் ஒரு பெண். துணியை அவிழ்த்துப் பார்த்தார். மிஷின்காரர் தேங்காய்க் கதையைச் சொன்னார். அந்தம்மா நிமிர்ந்து, "கத்தியில வெட்டினா இப்படித் துருவின மாதிரி வராது. உள்ள துணி நூலா இருக்கு. எந்த மெஷின்?" என்றார்.

"இழைப்பு மிஷின் டாக்டர். கையுறை போட்டுக்கினு ஓட்டினார்" என்றேன்.

"இதுக்குக் கையுறை போடுவாங்களா?"

"போட மாட்டாங்க. போட வெச்சாங்க."

அவர் எழுதிக்கொண்டார். மிஷின்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கத்தியின் மேல் வராத கோபம், ஆலோசகரின் மேல் வராத கோபம், எல்லாம் என்மேல் வந்தது. துப்புகிற மாதிரி வாயைக் குவித்து, பிறகு வலியில் மறந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. முதலாளி கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கூடவே வந்த ஃபைலில் மிஷின்காரரின் படம் இருந்தது. கையுறைக்குள் பத்து விரலும் முழுசாக இருக்க, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. போனைக் காட்டிப் படித்தேன். 'முன்மாதிரியான ஊழியர்' என்றது. இந்தத் தடவை மொழிபெயர்ப்பில் தப்பில்லை.

காயம் ஆறியதும் மிஷின்காரர் எங்களிடம் திரும்பி வரவில்லை. அவருடைய மச்சான் பூந்தமல்லியில் ஒரு மரக்கடை வைத்திருக்கிறார், அங்கே போனார். கட்டை வாங்கப் போன எங்கள் ஆள் ஒருவன் வந்து சொன்னான். வாடிக்கையாளர்களிடம் அரைவிரலைத் தூக்கிக் காட்டி, "இருவத்திரண்டு வருசம் மிஷின்ல நின்னவன் சார் நானு" என்கிறாராம். அதைக் கேட்டு அவர்கள் மதிப்பாகத் தலையாட்டுகிறார்களாம். விரலை இழந்தது தொழில் தெரிந்ததற்கு அடையாளமாகிவிட்டது. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

மிஷின் என்னிடம் வந்தது. யாரும் கொடுக்கவில்லை. விபத்துக்கு மறுநாள் காலையில் மூடியை இறக்கித் திருகி, கத்தி உருளையில் சிக்கியிருந்த நூலையெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவைத்துவிட்டு ஊசியால் எடுத்து, முன்னால் போய் நின்றேன். முதலாளி வந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லாததால், அவரிடம் நான்தான் கடைசியாகப் பேசியவள் ஆகிவிட்டேன்போல.

ஆனால் கம்பெனி ஆட்கள் கதவு பார்க்க வருகிற நாட்களில் மட்டும் அவர் வந்து என் பக்கத்தில் நின்று பேச்சை இழுப்பார். "அவங்க வரப்ப மட்டும் அந்தக் கையுறைய மாட்டிக்கம்மா. ஃபைல்ல அப்பிடித்தானே கீது."

"மாட்டிக்கறேன் மொதலாளி. மிஷினை நிறுத்திட்டு மாட்டிக்கறேன்."

அப்படித்தான் செய்தேன். அவர்கள் வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, சும்மா நிற்பேன். நன்றாக உடுத்திய இரண்டு பேர் என் கையுறையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மிஷின் ஏன் ஓடவில்லை என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அடுத்த வருடம் சான்றிதழைப் புதுப்பிக்க அதே ஆலோசகர் வந்தார். அதே பெட்டி. என்னை அடையாளம் தெரியவில்லை. அல்லது தெரியாததுபோல இருந்தார். நான் புத்தகத்தை எடுத்து, கையுறைப் படம் இருந்த பக்கத்தை விரித்து, மிஷினின் மேல் வைத்தேன்.

"இதப் படிங்க சார்."

குனிந்து படித்தார். படிக்க அவருக்குப் போன் தேவைப்படவில்லை. முழுக்கப் படித்தார். புரிந்தது என்பது காதோரம் சிவந்ததில் தெரிந்தது.

"அது அந்தக் கம்பெனி சொல்றதும்மா. நாம சொல்றது ஜெனரல் சேஃப்டி."

"சரிங்க சார். அப்ப இந்த மிஷின்ல கையுறை போட்டுக்கினுதான் ஓட்டணும்னு ஒரு தாள்ல எழுதி, உங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் போட்டுக்கினே ஓட்டறேன்."

முதலாளி என்னை அடக்கப் பார்த்தார். நான் நோட்டுப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து, பேனாவோடு நீட்டிக்கொண்டே நின்றேன். ஆலோசகர் பேனாவை வாங்கினார். பேனா மூடியைத் திறந்தார். தாளைப் பார்த்தார். அவர் போனுக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. ஆனாலும் காதில் வைத்துக்கொண்டு, "ஆ, சொல்லுங்க" என்றபடி வாசலுக்குப் போனார். எதிர் டீக்கடையில் நின்று ஒரு டீயை வெகுநேரம் குடித்தார். முதலாளி அவர் பின்னாலேயே போய்ப் பேசினார்.

பதினைந்து நாளில் புதுச் சான்றிதழ் வந்தது. கூடவே புதுப் பட்டியல். போன வருடப் பட்டியலில் 'கையுறை கட்டாயம்' என்று இருந்த இடத்தில் 'பொருத்தமான பாதுகாப்பு உபகரணம்' என்று இருந்தது. எது பொருத்தம் என்று எழுதவில்லை. எழுதினால் கையெழுத்துக்காரர் மாட்டிக்கொள்வார் அல்லவா. தப்பு என்று தெரிந்துகொண்டார், திருத்திக்கொண்டார், ஆனால் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கார் ஏறிப் போய்க் கையுறை கொடுத்துவிட்டு வந்த மற்றப் பட்டறைகளுக்குப் போன் செய்து சொல்லியிருப்பாரா? இந்த அம்பத்தூரில் எத்தனை இழைப்பு மிஷின்! சொல்லியிருக்க மாட்டார்.

நான் அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டவில்லை. கையுறைகளை உப்புத்தாள் தேய்க்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்குத்தான் அது உதவும், மரச் சிலாம்பு கையில் ஏறாது. அன்றைக்கு ஒரு வேப்பங்கட்டை லோடு வந்து இறங்கியிருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டி, ஆணி பார்த்து, ரேகை பார்த்து, மாலை வரைக்கும் இழைத்தேன்.